எந்த டீம், எந்த நாடு? வட அயர்லாந்துக் கால்பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அணிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டம் ஸ்காட்லாந்தில், கூட்டத்தில் எதற்கு அயர்லாந்துக் கொடி?" என்று ஒருவர் கேட்பார். அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள், "அயர்லாந்துக்கு ஏன் ரெண்டு டீம்?" என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அங்கே தகராறே எதுக்கு?

நிலத்துக்கு. அயர்லாந்துத் தீவு முழுவதும் ஒரு காலத்தில் பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. 1921-ல் தீவைப் பிரித்தார்கள். 26 கவுண்டிகள் டப்ளினைத் தலைநகராக்கிக்கொண்டு தனி வழியில் போயின. வடகிழக்கு மூலையில் இருந்த 6 கவுண்டிகள் பிரிட்டனோடு தங்கின. அந்த ஆறும் சேர்ந்ததுதான் வட அயர்லாந்து, தலைநகர் பெல்பாஸ்ட். பிரிட்டனோடு இருப்பதே சரி என்பவர்கள் யூனியனிஸ்டுகள், தீவு ஒரே நாடாக வேண்டும் என்பவர்கள் நேஷனலிஸ்டுகள். முன்னவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், பின்னவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் மதச் சண்டை போலத் தெரியும். ஆனால் எந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று அங்கே யாரும் அடித்துக்கொள்ளவில்லை. இந்த மண் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதுதான் வழக்கு.

1960-களின் கடைசியில் தொடங்கிய வன்முறையில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998-ல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம் துப்பாக்கிகளைப் பெருமளவு ஓயவைத்தது. தீவு முழுவதும் எங்களுடையது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த டப்ளின், அந்த வரிகளை மாற்றிக்கொண்டது. வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையோர் விரும்பினால் தெற்கோடு சேரலாம் என்று லண்டனும் ஒப்புக்கொண்டது. வழக்கு தீரவில்லை, வாய்தா வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதுல கால்பந்து எங்கே வந்துச்சு?

அங்கே முகத்தைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. தோலின் நிறமும் ஒன்று, தெருவில் பேசும் மொழியும் ஒன்று. அதனால் சின்னச் சின்னத் துப்புகளை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள்: பெயர் என்ன, எந்தப் பள்ளியில் படித்தார், வடமேற்கில் உள்ள அந்த ஊரை டெர்ரி என்கிறாரா, லண்டன்டெர்ரி என்கிறாரா. ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை 'ஏச்' என்கிறாரா, 'ஹேச்' என்கிறாரா என்றுகூடக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அந்தத் துப்புகளிலேயே சுலபமானது, எந்த டீம் என்பது. கேட்பதற்கு அரட்டை மாதிரி இருக்கும், ஆனால் நீ எந்த நாட்டுக்காரன் என்றுதான் அதற்கு அர்த்தம். இன்றைக்கும் பெல்பாஸ்டில் பல மதுக்கடை வாசல்களில் 'கால்பந்து ஜெர்சியோடு உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருக்கும். பல நிறுவனங்கள் வேலைக்கு அந்த ஜெர்சிகளைப் போட்டுக்கொண்டு வர விடுவதில்லை.

செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டும் கிளாஸ்கோ டீம்தானே? பெல்பாஸ்ட்காரருக்கு அங்கே என்ன வேலை?

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு குறுகிய கடல்தான் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க கிளாஸ்கோ போன கத்தோலிக்கர் ஏராளம். அந்த ஏழைகளுக்குச் சோறு போட நிதி திரட்டுவதற்காக, ஸ்லைகோ கவுண்டியில் பிறந்த வால்ஃப்ரிட் என்ற துறவி 1887-ல் தொடங்கியதுதான் செல்டிக். ரேஞ்சர்ஸ் அதற்கும் மூத்தது, 1872. ஆரம்பத்தில் அதற்குப் பெரிய அரசியல் சாயம் ஒன்றும் இல்லை. 1912-ல் பெல்பாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனம் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் கப்பல் கட்டும் தளம் ஒன்றைத் தொடங்கியது. அதோடு பெல்பாஸ்டிலிருந்து புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களும் வந்தார்கள். ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இப்போதும் லார்ன், பெல்பாஸ்ட் துறைமுகங்களிலிருந்து இரு தரப்பு ரசிகர்களும் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். செல்டிக் பக்கம் அயர்லாந்தின் மூவர்ணம், ரேஞ்சர்ஸ் பக்கம் பிரிட்டனின் யூனியன் ஜாக். ஸ்காட்லாந்துக் கொடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உள்ளூரிலேயே டீம் இருக்கும்போது கடல் தாண்டிப் போவானேன்?

ஒரு காலத்தில் போகத் தேவையே இருக்கவில்லை. மேற்கு பெல்பாஸ்டில் 1891 முதல் பெல்பாஸ்ட் செல்டிக் என்ற கிளப் இருந்தது. கிளாஸ்கோ செல்டிக்கின் பெயரையே வைத்துக்கொண்டு, 14 முறை லீக்கை வென்ற கிளப். ரசிகர்கள் பெரும்பாலும் நேஷனலிஸ்டுகள். ஆட்டக்காரர்களில் இரு தரப்பாரும் உண்டு. பரம எதிரி லின்ஃபீல்ட், யூனியனிஸ்டுகளின் செல்லப் பிள்ளை, 1886-ல் தொடங்கியது.

1948 டிசம்பர் 27 அன்று லின்ஃபீல்டின் வின்ட்சர் பார்க் மைதானத்தில் இரண்டும் மோதின. ஆட்டத்தின் நடுவே பெல்பாஸ்ட் செல்டிக்கின் ஜிம்மி ஜோன்ஸோடு மோதி லின்ஃபீல்ட் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. காலில் முறிவு என்பதை இடைவேளையில் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். இதைவிட முட்டாள்தனமான அறிவிப்பு கால்பந்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. ஆட்டம் 1-1 என முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்து, ஜோன்ஸை அடித்துக் காலை முறித்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஜோன்ஸ் ஒரு புராட்டஸ்டன்ட். அடித்தவர்கள் பார்த்தது அவருடைய மதத்தை அல்ல, ஜெர்சியை. பிற்பாடு அவர் தேறி, கிளெனாவன் அணிக்காகப் பல ஆண்டுகள் கோல் மழை பொழிந்தார்.

அந்தப் பருவம் முடிந்ததும் பெல்பாஸ்ட் செல்டிக் லீக்கிலிருந்தே விலகியது. 1949 மே மாதம் நியூயார்க்கில் ஸ்காட்லாந்து தேசிய அணியை 2-0 என்று தோற்கடித்தார்கள். அந்த நேரம் ஊரில் அவர்களுக்கு லீக்கில் இடம் இல்லை. அவர்களுடைய மைதானம் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. டீமை இழந்த ரசிகர்களில் பலர் அக்கரையில் அதே பெயருள்ள டீமைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போ உள்ளூர் கிளப்களில் இப்போ எது எந்தப் பக்கம்?

லின்ஃபீல்ட் யூனியனிஸ்ட். கப்பல் தளத்தை ஒட்டிய கிழக்கு பெல்பாஸ்டின் கிளென்டொரனும் பெரும்பாலும் அப்படியே. கிளிஃப்டன்வில் நேஷனலிஸ்ட். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1879-ல் தொடங்கிய கிளிஃப்டன்வில், தீவிலேயே மிகப் பழைய கிளப். நீண்ட காலம் இந்த அடையாளம் எதுவும் அதற்குக் கிடையாது. கலவர ஆண்டுகளில் வடக்கு பெல்பாஸ்டில் மக்கள் வீடு மாற, அந்தத் தெருக்களில் யார் மிஞ்சினார்களோ அவர்கள் டீமானது. கிளப் இருந்த இடத்திலேயே இருந்தது, கூட்டம்தான் மாறியது. இந்த ஊர்க் கால்பந்தில் கொள்கையைப் பார்த்து டீமைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு, பிறந்த தெருவே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

லின்ஃபீல்டோடு கிளிஃப்டன்வில் தன் சொந்த மைதானமான சாலிட்யூடில் ஆடுவதைக் காவல்துறை 1970 முதல் தடுத்துவந்தது. சொந்த மைதானத்து ஆட்டத்தையும் எதிரியின் மைதானத்தில்தான் ஆட வேண்டும். 1998 நவம்பரில்தான் லின்ஃபீல்ட் மறுபடி சாலிட்யூடுக்கு வந்தது.

ஒரே தீவுக்கு எதுக்கு ரெண்டு தேசிய அணி? ரக்பியில ஒண்ணுதானே?

ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி எல்லாவற்றிலும் ஒன்றுதான். கால்பந்தில் சங்கம் 1880-ல் பெல்பாஸ்டில் தொடங்கியது. எல்லாம் பெல்பாஸ்டுக்குச் சாதகமாகவே நடக்கிறது என்று டப்ளின்காரர்கள் நெடுநாள் புகைந்துகொண்டிருந்தார்கள். 1921-ல் டப்ளினின் ஷெல்போர்ன் அணி கோப்பை அரையிறுதியில் கிளெனாவனோடு பெல்பாஸ்டில் டிரா செய்தது. மறு ஆட்டம் டப்ளினில் நடக்கும் என்று எதிர்பார்த்தால், அதையும் பெல்பாஸ்டிலேயே வைத்தார்கள். ஷெல்போர்ன் வர மறுத்தது. அதே ஆண்டு டப்ளின் தனிச் சங்கம் கண்டது. நாடு பிரிந்த ஆண்டே கால்பந்தும் பிரிந்தது, ஆனால் தீப்பொறி மைதானத் தகராறு.

இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு சங்கங்களும் 'அயர்லாந்து' என்ற பெயரையே வைத்துக்கொண்டு, தீவு முழுவதிலுமிருந்து ஆள் எடுத்தன. 1950 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இரண்டு அயர்லாந்துக்கும் ஆடியவர்கள் இருக்கிறார்கள்! பிறகு ஃபிஃபா தலையிட்டு அதை நிறுத்தியது. 1953-ல் பெயரையும் பிரித்துக் கொடுத்தது: ஒன்று வட அயர்லாந்து, மற்றது அயர்லாந்து குடியரசு.

பிரிட்டன் பக்கம் நிக்கிற அணி ஏன் பச்சை போடுது?

பச்சை தீவு முழுவதற்கும் பொதுவான நிறம். 1931 வரை பெல்பாஸ்ட் சங்கத்தின் அணி நீலத்தில் ஆடியது, பிறகு பச்சைக்கு மாறியது. ஆக இரண்டு அயர்லாந்துமே பச்சை. வித்தியாசம் காதில்தான் விழும். வட அயர்லாந்து ஆட்டத்துக்கு முன் ஒலிப்பது பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டு, இங்கிலாந்துக்கும் அதுவே.

அப்போ கத்தோலிக்கர்கள் வட அயர்லாந்து அணிக்கு ஆடறதில்லையா?

நிறையப் பேர் ஆடியிருக்கிறார்கள். அந்த அணியின் பொற்காலமே அதற்குச் சாட்சி. 1982 உலகக் கோப்பையில் கேப்டன் மார்ட்டின் ஓ'நீல் கத்தோலிக்கர், கோல்கீப்பர் நியூரி ஊரின் பாட் ஜென்னிங்ஸ் கத்தோலிக்கர். வாலென்சியாவில் ஸ்பெயினை 1-0 என்று வீழ்த்திய கோலை அடித்த ஜெரி ஆர்ம்ஸ்ட்ராங், நேஷனலிஸ்டுகளின் கோட்டையான ஃபால்ஸ் சாலையில் வளர்ந்தவர். வன்முறை உச்சத்தில் இருந்த காலம் அது. அன்றைய இரவு இரண்டு பக்கத் தெருக்களிலும் கொண்டாட்டம். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: கிழக்கு பெல்பாஸ்டின் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் பெஸ்ட், தீவு முழுவதற்கும் ஒரே அணிதான் வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கசப்பான பக்கம் நீல் லெனன். லர்கன் ஊர்க்காரர். வட அயர்லாந்துக்காகப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். 2000 டிசம்பரில் கிளாஸ்கோ செல்டிக்கில் சேர்ந்தார். 2001 பிப்ரவரியில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் வின்ட்சர் பார்க்கில் சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே கூச்சலிட்டார்கள். 2002 ஆகஸ்டில் சைப்ரஸுக்கு எதிராக அவர் கேப்டனாக இறங்க இருந்த அன்று கொலை மிரட்டல் வந்தது. அதோடு சர்வதேசக் கால்பந்தை விட்டார். முன்பும் அவர் கத்தோலிக்கர்தான், அப்போதும் கத்தோலிக்கர்தான். மாறியது ஜெர்சி மட்டும், பெல்பாஸ்ட் செல்டிக்கின் ஜோன்ஸ் கதை போலவே.

அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகு, சங்கம் முன்பே தொடங்கியிருந்த 'அனைவருக்கும் கால்பந்து' இயக்கம் வேகம் பிடித்தது. ரசிகர்களே பிரிவினைப் பாட்டுகளை அமுக்கினார்கள். சும்மா கத்துவதைவிட வேறு பாட்டை உரக்கப் பாடி மூழ்கடிப்பது அவர்கள் கண்டுபிடித்த வழி. 2016 ஐரோப்பியக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோன மேலாளர் மைக்கேல் ஓ'நீலும் கத்தோலிக்கரே. இருந்தும், வின்ட்சர் பார்க்கில் உட்காரும் கூட்டத்தில் நேஷனலிஸ்டுகள் இன்றும் குறைவு. அணியை வெறுக்காதவர்கள்கூட அரசரை வாழ்த்தும் அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்கத் தயங்குகிறார்கள்.

டெர்ரி சிட்டி வட அயர்லாந்தில் இருக்கே, அது ஏன் தெற்கு லீக்கில் ஆடுது?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. டெர்ரி சிட்டி 1928-ல் தொடங்கியது. மைதானம் பிராண்டிவெல், நேஷனலிஸ்டுகள் வாழும் பாக்சைடை ஒட்டி. அந்தப் பகுதியில்தான் 1972 ஜனவரி 30 அன்று, 'ரத்த ஞாயிறு' என்கிறார்களே, அந்த நாளில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தின் மீது சுட்டு 13 பேர் அங்கேயே இறந்தார்கள், இன்னொருவர் பிறகு இறந்தார்.

அதற்கு முந்தைய செப்டம்பரில் ஆட வந்த பாலிமீனா அணியின் பேருந்தைக் கடத்தி எரித்திருந்தார்கள். மற்ற கிளப்கள் பிராண்டிவெல்லுக்கு வர மறுத்தன. டெர்ரி சிட்டி தன் சொந்த ஆட்டங்களை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி கோல்ரெய்னில் ஆட வேண்டியதாயிற்று. சொந்த ஊர் ரசிகர்கள் அவ்வளவு தூரம் போவார்களா? கூட்டம் கரைந்தது, கஜானாவும் கரைந்தது. 1972-ல் பாதுகாப்புப் படைகளே பிராண்டிவெல் மற்ற மைதானங்களைவிட மோசமில்லை என்று தடையை நீக்கின. ஆனாலும் அங்கே ஆட அனுமதி கேட்ட தீர்மானம் மற்ற கிளப்களின் வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. டெர்ரி சிட்டி லீக்கை விட்டு வெளியேறியது.

13 ஆண்டுகள் உயர்நிலைக் கால்பந்தே இல்லை. பிறகு பெல்பாஸ்ட் சங்கத்தின் ஒப்புதலும் ஃபிஃபாவின் ஒப்புதலும் வாங்கிக்கொண்டு 1985-ல் அயர்லாந்து குடியரசின் லீக்கில் சேர்ந்தது. 1989-ல் அங்கே லீக், கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் தூக்கியது. ஊர் பிரிட்டனில், லீக் டப்ளினில். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் எல்லை தாண்டிப் போகிறார்கள். இதை அரசியல் அறிவிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஆட மைதானம் கேட்டார்கள், இங்கே கதவு மூடியது, அங்கே திறந்தது. அரசியல் சாயம் பிறகுதான் கெட்டியானது.

இன்ஸ்டிட்யூட் என்று அதே ஊரின் எதிர்க்கரையில் ஒரு கிளப் இருக்கிறது, வட அயர்லாந்து லீக்கில் ஆடுவது. 2017 ஆகஸ்டு வெள்ளத்தில் மைதானம் நாசமானபோது பிராண்டிவெல்லில்தான் ஆட இடம் கிடைத்தது. ஆக ஒரே மைதானத்தில் இரண்டு சங்கங்களின் இரண்டு லீக்குகள்.

ரெண்டு அயர்லாந்தும் மோதினா என்ன ஆகும்?

1978 வரை மோதவே இல்லை. மறக்க முடியாத ஆட்டம் 1993 நவம்பர் 17, வின்ட்சர் பார்க், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. அதற்கு முந்தைய மாதம்தான் ஷாங்கில் சாலையில் மீன்கடைக் குண்டுவெடிப்பும் கிரேஸ்டீல் மதுக்கடைத் துப்பாக்கிச்சூடும் நடந்திருந்தன. ஆட்டத்தை வேறு நாட்டுக்கு மாற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. வட அயர்லாந்து ஏற்கெனவே வெளியேறிவிட்டது. தெற்கைப் போகவிடாமல் தடுப்பது மட்டுமே மிச்சம். ஜிம்மி குவின் ஓர் அபாரமான கோல் அடித்தார். சில நிமிடங்களில் ஆலன் மெக்லாக்லின் சமன் செய்தார். 1-1. தெற்கு உலகக் கோப்பைக்குப் போனது.

அந்த உலகக் கோப்பையில் 1994 ஜூன் 18 அன்று அயர்லாந்து குடியரசு இத்தாலியை 1-0 என்று வென்றது. லாஃகினைலண்ட் என்ற சிற்றூரின் மதுக்கடையில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது யூனியனிஸ்ட் ஆயுதக் குழு சுட்டது. 6 பேர் இறந்தார்கள், அதில் ஒருவருக்கு வயது 87. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஐரோப்பியக் கோப்பையில் அதே தேதியில் அதே இத்தாலியோடு ஆட்டம் அமைந்தபோது அயர்லாந்து அணி கறுப்புப் பட்டி அணிந்து இறங்கியது.

வட அயர்லாந்தில் பிறந்தவர் டப்ளின் அணிக்கு எப்படி ஆடலாம்? அது மோசடி இல்லையா?

மோசடி இல்லை. முதல் கேள்வியில் சொன்ன 1998 ஒப்பந்தத்தின்படி, அங்கே பிறந்தவர் தன்னை பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், அதற்கேற்ற பாஸ்போர்ட்டும் வாங்கலாம். ஐரிஷ் குடியுரிமை பிறப்பால் வருவதால் டப்ளின் அணிக்கு ஆடத் தகுதி உண்டு. பெல்பாஸ்ட் சங்கம் இதை எதிர்த்து சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போய் 2010-ல் தோற்றது. டேரன் கிப்சன், ஷேன் டஃபி, ஜேம்ஸ் மெக்லீன் எல்லாரும் டெர்ரியில் பிறந்து தெற்குக்கு ஆடியவர்கள். டஃபியும் மெக்லீனும் இளையோர் பிரிவுகளில் வட அயர்லாந்துக்கு ஆடியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து வளர்த்துவிட்டு தெற்குக்குத் தாரைவார்க்கிறோமே என்ற பெல்பாஸ்ட் சங்கத்தின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மெக்லீன் இன்னொரு விஷயத்துக்கும் பேர்போனவர். போர்களில் இறந்த வீரர்களின் நினைவாக நவம்பர் மாதம் இங்கிலாந்து அணிகள் ஜெர்சியில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்ளும். அவர் 2012 முதல் மறுத்துவந்தார். "உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் அணிவேன், ஆனால் அது எல்லாப் போர்களுக்குமான பூ. ரத்த ஞாயிறில் சுடப்பட்டவர்களில் பலருடைய ஊர் என் கிரெகன் பகுதி" என்று 2014-ல் தன் கிளப் தலைவருக்குக் கடிதமே எழுதினார். ஆண்டுதோறும் மைதானங்களில் வசை வாங்கினார். தெற்கு அணிக்காக 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடி 2023-ல் ஓய்ந்தார்.

செல்டிக் ஆட்டத்துல பாலஸ்தீனக் கொடி எப்படி வந்துச்சு?

நேஷனலிஸ்டுகள் தங்கள் கதையைப் பாலஸ்தீனத்தில் பார்க்கிறார்கள்; யூனியனிஸ்ட் பகுதிகளில் இஸ்ரேல் கொடி பறக்கும். பெல்பாஸ்ட் விளக்குக் கம்பங்களில் நீங்கள் பார்ப்பதே மைதானத்துக்கும் வருகிறது. 2016-ல் இஸ்ரேலின் ஹபோயல் பேயர்ஷேவா அணியோடு ஆடும்போது காட்டிய கொடிகளுக்காக செல்டிக்குக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அபராதம் போட்டது. ரசிகர்கள் அதைப்போலப் பல மடங்கு தொகை திரட்டிப் பாலஸ்தீனத் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள்.

2028 ஐரோப்பியக் கோப்பை பெல்பாஸ்டில் நடக்கும்னாங்களே, என்ன ஆச்சு?

நடக்கப்போவதில்லை. வின்ட்சர் பார்க்கில் சுமார் 18,500 பேர்தான் உட்காரலாம், அது போதாது. அதனால் மேற்கு பெல்பாஸ்டில் 2013 முதல் பாழடைந்து கிடக்கும் கேஸ்மென்ட் பார்க்கைப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டார்கள். அது கேலிக் விளையாட்டுகளின், அதாவது நேஷனலிஸ்டுகள் பெரிதும் ஆடும் அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளின் மைதானம். அந்தப் பெயருக்குரிய ரோஜர் கேஸ்மென்டை 1916-ல் பிரிட்டன் தேசத்துரோகக் குற்றத்துக்குத் தூக்கிலிட்டது. ஆக, நேஷனலிஸ்ட் பகுதியில், பிரிட்டன் தூக்கிலிட்டவர் பெயருள்ள மைதானத்தில், வட அயர்லாந்து அணி பிரிட்டிஷ் கீதத்துக்கு நிற்க வேண்டும். அந்த அணியின் ரசிகர்கள் பலர் வெளிப்படையாகவே வேண்டாம் என்றார்கள். கடைசியில் அரசியலைவிடப் பணம்தான் முடித்துவைத்தது: செலவு 40 கோடி பவுண்டைத் தாண்டும் என்றதும், போட்டிக்குள் கட்டி முடிக்க நிதி தர முடியாது என்று 2024 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு கைவிரித்தது.

எல்லாரும் இப்படித்தானா? நடுவில் நிக்கிறவங்க இல்லையா?

நிறைய இருக்கிறார்கள், சத்தம்தான் குறைவு. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் ரசிகர்கள் இரு பக்கத்திலும் கொட்டிக்கிடக்கிறார்கள். அந்த ஜெர்சியைப் பார்த்து யாரும் பக்கம் கணிக்க முடியாது. அதனால்தான் பலருக்கு அது வசதி என்று நினைக்கிறேன். 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்களில் 45.7 சதவீதம் கத்தோலிக்கப் பின்னணி, 43.5 சதவீதம் புராட்டஸ்டன்ட் அல்லது பிற கிறிஸ்தவப் பின்னணி. ஆனால் 'பிரிட்டிஷ் மட்டும்' என்றவர்கள் 31.9 சதவீதம், 'ஐரிஷ் மட்டும்' 29.1 சதவீதம், 'வட அயர்லாந்துக்காரர் மட்டும்' 19.8 சதவீதம். லிவர்பூலின் கானர் பிராட்லி சிறுவயதில் கேலிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர், இன்று வட அயர்லாந்து அணியின் நட்சத்திரம். மதத்தையும் டீமையும் நேர்க்கோட்டில் இணைத்துவிட்டால் இவர்கள் எல்லாரும் கணக்கில் வராமல் போய்விடுவார்கள்.

நான் அங்கே சுற்றுலா போனா எந்த ஜெர்சி போடலாம்?

செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் வேண்டாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன மதுக்கடை அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு தீவு ஒண்ணா சேர்ந்தா, அணியும் ஒண்ணாயிடுமா?

தானாக ஆகாது. நாடு இரண்டாக இருந்தும் ரக்பி அணி ஒன்றாக இருப்பதை மேலே பார்த்தோம். அங்கே இரு தரப்புக்கும் பொதுவாக 1995-ல் ஒரு பாட்டே எழுதிக்கொண்டார்கள். எதிர்த்திசைக்கு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இருக்கின்றன: நாடு ஒன்று, அணிகள் தனி.

பெல்பாஸ்ட் சங்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கால்பந்தின் விதிகளை எழுதும் சர்வதேச வாரியத்தில் ஃபிஃபாவுக்கு 4 வாக்குகள். மீதி 4 வாக்குகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்கு, ஆளுக்கு ஒன்று. 1886-லிருந்து வரும் உரிமை. சுமார் 19 லட்சம் பேர் வாழும் ஓர் இடம் அதை வைத்திருக்கிறது. பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் அது கிடையாது. எல்லைக்கோடு அழிந்தாலும், அந்த நாற்காலியை விட்டு பெல்பாஸ்ட் சங்கம் சுலபத்தில் எழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.